புத்தியை அளக்கும் பரீட்சையும் பெற்றோர் சம்மதமும்

(திருப்பத்தூரில் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியது)



பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மனோதத்துவப் பரீட்சை என்று ஒன்று வைக்கிறார்களே, அதைப் பெற்றோரைக் கேட்டு வைக்க வேண்டுமா, கேளாமலே வைக்கலாமா என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். நாம் மனோதத்துவம் கற்ற பண்டிதரல்ல. கல்லூரி வாசலை மிதித்தவரும் அல்ல. நாம் படித்ததெல்லாம் வாசகசாலையிலும், இரவல் வாங்கிய புஸ்தகங்களிலுந்தான். ஆனால் இந்தச் சங்கதியைப் பேசுவதற்குப் பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளை நம்முடையது, கையெழுத்து நம்முடையது, பிள்ளையின் பேரில் எழுதி வைக்கப்படும் காகிதம் மாத்திரம் நம் கண்ணில் படாதது. இது புரிந்த எவருக்கும் இதைப்பற்றிக் கேள்வி கேட்க யோக்கியதை உண்டு.

முதலில் இந்தப் பரீட்சை என்ன என்று பார்ப்போம். கணக்குப் பரீட்சை, சரித்திரப் பரீட்சை போன்றதல்ல இது. அவற்றில் பிள்ளை படித்ததை அளக்கிறார்கள். இதிலோ பிள்ளையையே அளக்கிறார்கள். ஒரு வகை, பிள்ளையின் புத்தி எவ்வளவு என்று எண் போடுவது. இன்னொரு வகை, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் அதற்குத் தனிக் கஷ்டம் இருக்கிறதா என்று பார்ப்பது. வேறொரு வகை, பயம், துக்கம், கோபம், வீட்டில் நடக்கும் சண்டை இவைகளைப் பற்றிக் கேள்விகள் கேட்டு, பிள்ளையின் மனது எப்படி இருக்கிறது என்று முடிவு கட்டுவது. இவை எல்லாம் அயோக்கியத்தனம் என்று நாம் சொல்ல வரவில்லை. சரியானவர் கையில், சரியான காரியத்துக்கு, இவை பெரிய உதவி. எழுத்துக்கள் தலைகீழாகத் தெரியும் பிள்ளையை "மக்கு" என்று பெஞ்சின்மேல் ஏற்றி நிற்க வைத்த வாத்தியாரைவிட, அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் பரீட்சைக்காரர் ஆயிரம் மடங்கு மேலானவர் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். ஏலகிரி மலைக்கு ஒருநாள் உல்லாசப் பயணம் கூட்டிப்போவதென்றால் நைனா கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். பல்லைப் பிடுங்குவதற்கு ஆஸ்பத்திரியில் அம்மாவைக் கேட்கிறார்கள். பிள்ளையின் மனதுக்குள் கைவிட்டு, "நீ இன்ன தரம்" என்று சீட்டு எழுதி, அதைப் பீரோவிலும் கம்ப்யூட்டரிலும் வைத்துப் பூட்டுவதற்கு மாத்திரம் ஒருவரையும் கேட்க வேண்டாமா?

"வெறும் பரீட்சைதானே, இதனால் என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்பவர்கள் இந்தப் பரீட்சை பிறந்து வளர்ந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சு தேசத்தில் ஆல்பிரட் பினே என்று ஒருவர் இருந்தார். 1904-இல் அந்த நாட்டு சர்க்கார், சாதாரண வகுப்பில் படிக்கக் கஷ்டப்படும் குழந்தைகளை எப்படிக் கண்டுகொண்டு உதவுவது என்று ஆராய ஒரு கமிட்டி போட்டது. அதன் விளைவாக பினேயும் சிமோன் என்ற அவரது கூட்டாளியும் 1905-இல் முதல் அளவுகோலைச் செய்தார்கள். உதவி தேவைப்படும் குழந்தையை அடையாளம் காண்பதுதான் நோக்கம். புத்தி என்பது மாறாத ஒரு சரக்கு, அதைக் கூட்ட முடியாது என்று பேசியவர்களை பினே கண்டித்தே எழுதினார். 1911-இல் அவர் இறந்துவிட்டார். அளவுகோல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அங்கே அதைக் கையில் எடுத்த பெரிய மனிதர்கள், பினே எதைக் கூடாது என்றாரோ அதையே செய்தார்கள். புத்தி பிறப்பில் வருவது, பரம்பரையாக வருவது, மாறாதது என்று பேசி, எண்ணைப் பார்த்து மனிதரைத் தள்ளவும் அடைக்கவும் ஆரம்பித்தார்கள்.

அந்தக் கொடுமையில் ஒன்றை மாத்திரம் சொல்லுகிறோம். வர்ஜீனியா மாகாணத்தில் கேரி பக் என்று ஒரு ஏழைப் பெண். அவளும் அவள் தாயும் புத்தி குறைந்தவர்கள் என்று பரீட்சை வைத்து எழுதினார்கள். அவள் பெற்ற குழந்தையையும், அது ஒரு வயதுகூட நிரம்பாத கைக்குழந்தையாக இருக்கும்போதே, பார்வையாலே அளந்து அதுவும் அப்படித்தான் என்றார்கள். மூன்று தலைமுறை போதும் என்று சொல்லி, அவளுக்கு இனிப் பிள்ளை பிறவாதபடி கருத்தடை செய்யலாம் என்று 1927-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிற்று. செய்தும் விட்டார்கள். அந்தக் கைக்குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போயிற்று. 1931-இல் நன்றாகப் படிப்பவர் ஜாபிதாவில் அதன் பெயர் இருந்தது. அடுத்த வருஷம், எட்டு வயதில், வியாதி கண்டு இறந்துபோயிற்று. புத்தியில்லை என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தை, வகுப்பில் முன்வரிசையில் இருந்தது! குத்தியவருக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை.

நமக்கு இந்தக் கதை புதிதா, தோழர்களே? பிறந்த நேரத்தைக் குறித்து, கட்டம் போட்டு, இவனுக்கு வித்தை வராது, இவளுக்குத் தாலி நிலைக்காது என்று எழுதிக் கொடுத்து ஆயிரம் வருஷமாகப் பிழைத்தவர்களை நாம் பார்க்கவில்லையா? பரீட்சையே வைக்காமல், பிறந்த தெருவைப் பார்த்தே இவனுக்குப் புத்தி இல்லை என்று தீர்ப்புச் சொன்னது மனு தர்மம். அவ்வளவு தூரம் போவானேன்? 1953-இல் நம் மாகாணத்தில் ராஜகோபாலாச்சாரியார் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் என்ன சொல்லிற்று? கிராமப் பிள்ளை பாதி நேரம் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. அதாவது தோல் ஊறவைப்பவன் பிள்ளைக்குத் தோல் ஊறவைக்கத்தான் நாட்டம் இருக்கும் என்று எவர் அளந்து பார்த்தார்? பெற்றோரில் எவரைக் கேட்டார்கள்? நாடு கொதித்தெழுந்த பிறகு, 1954-இல் காமராஜர் வந்து அதை எடுத்தார். எடுக்காமல் இருந்திருந்தால் இந்த ஜில்லாவில் இன்று உபாத்தியாயராகவும் நர்ஸாகவும் இருக்கிறவர்களில் எத்தனை பேர் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றுகொண்டிருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள். ஜாதகம் ஓலையில் இருந்தால் மூடநம்பிக்கை, அச்சடித்த பாரத்தில் இருந்தால் விஞ்ஞானம் என்று நாம் ஏமாந்துவிடக் கூடாது.

இனி நம் ஊர் நிலையைப் பாருங்கள். 2019 நவம்பரில் வேலூர் ஜில்லாவைப் பிரித்து இந்தத் திருப்பத்தூர் ஜில்லாவை உண்டாக்கினார்கள். இதில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் எத்தனை வீட்டில் உருது பேசுகிறார்கள்! எத்தனை வீட்டில் தெலுங்கு! ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் பிள்ளையின் பேச்சு வேறு. இவர்களையெல்லாம் ஒரே தாளில், அதுவும் வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளையோ வைத்துத் தயாரித்த தாளில் அளந்தால் எப்படி இருக்கும்? நம் தேசத்திலேயே காமத் என்பவர் பினேயின் அளவுகோலை மாற்றியமைத்து 1940-இல் புஸ்தகமாக வெளியிட்டார். அவர் அளந்து பார்த்தது கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளை. அவர் செய்தது நல்ல காரியம். ஆனால் தார்வார்ப் பிள்ளைக்குத் தைத்த சட்டை வாணியம்பாடிப் பிள்ளைக்குப் பொருந்தவில்லையென்றால் குற்றம் பிள்ளையின் உடம்பிலா இருக்கிறது? கலிபோர்னியாவில் இதே வழக்கு நடந்தது. வீட்டில் ஸ்பானிய பாஷை பேசும் ஒன்பது குழந்தைகளை இங்கிலீஷில் பரீட்சை செய்து, மந்தபுத்தி வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர்கள் பாஷையிலேயே மறுபடி பரீட்சை வைத்துப் பார்த்தபோது பெரும்பாலோர் சாதாரணப் பிள்ளைகள் என்று தெரிந்தது. 1970-இல் அந்த வழக்கு முடிந்தது. குழந்தையின் தாய்ப்பாஷையிலும் பரீட்சை வைக்க வேண்டும் என்று அந்த மாகாண சர்க்கார் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

பாஷை ஒரு பக்கம் இருக்கட்டும். விடியுமுன் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ஓடும் தாய், இரவு வந்து ஷூ மேல்தோல் தைக்கும் சில்லறை வேலையை வீட்டில் விரித்துப் போட்டால் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுக்கிறது. அது காலையில் வகுப்பில் தூங்கி விழுகிறது. வாத்தியார் "கவனம் இல்லாத பிள்ளை" என்று எழுதுகிறார். இது மனோவியாதியா, வயிற்றுப்பாடா? பெற்றோரை அழைத்து இரண்டு வார்த்தை கேட்டால் தெரிந்துபோகும் சங்கதி இது. சம்மதம் கேட்பதில் உள்ள முதல் லாபமே அதுதான். மரியாதைக்காக மாத்திரம் பெற்றோரைக் கேட்பதில்லை. பெற்றோருக்குத் தெரிந்தது பரீட்சைக்காரருக்குத் தெரியாது என்பதற்காகவும் கேட்பது. காது மந்தமா, கண் மங்கலா என்று முதலில் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள். 2013 முதல் பள்ளிக்கூடங்களுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் சர்க்கார் மருத்துவத் திட்டம் இருக்கிறது. ஒரு மூக்குக்கண்ணாடியில் தீரக்கூடிய மந்தபுத்தியும் உண்டு.

சில நாட்களுக்குமுன் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில் வேலைசெய்யும் ஒரு தாயார் நம்மிடம் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். எந்தப் பள்ளிக்கூடம் என்று நாம் சொல்லப்போவதில்லை.

"அண்ணா, நேத்து ராத்திரி பையன் இதை நீட்டி நாளைக்கே வேணும்னு அழுதான். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். இது இன்னொரு காப்பி. உள்ள இன்னா இருக்குதுன்னு பாத்து சொல்றீங்களா?" என்றார்.

பார்த்தோம். இங்கிலீஷில் நான்கு வரி. பிள்ளையின் மனதையும் நடத்தையையும் மதிப்பிடப் பள்ளிக்கூடத்துக்கு அனுமதி தருவதாகவும், அதன் விவரங்களைச் "சம்பந்தப்பட்டவர்களுக்கு" கொடுக்கலாம் என்றும் இருந்தது. என்ன பரீட்சை, எதற்காக, யார் செய்வது, முடிவை யார் வைத்திருப்பது, எத்தனை வருஷம் வைத்திருப்பது என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. சம்பந்தப்பட்டவர்கள் யார் என்றும் இல்லை. அதில் பெற்றோர் சேர்த்தியா என்பதும் தெரியவில்லை!

படித்துச் சொன்னோம். அந்தத் தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வேணாம்னு எழுதியிருந்தா பையனை வெளிய அனுப்பிடுவாங்களாண்ணா?" என்று கேட்டார்.

தோழர்களே, இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்று பயந்து போட்ட கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயரா? பீடிக்கு வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையையே அடகு வைக்கும்படி செய்த பிரதேசம் இது. வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கி, பிறகு வேண்டியதை எழுதிக்கொண்ட லேவாதேவிக்காரர்களையும் நம் பாட்டன்மார் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கைநாட்டும் சட்டப்படி "சம்மதம்" என்றுதான் கோர்ட்டில் காட்டப்பட்டது.

இப்படிப்பட்ட சம்மதத்தைப் பற்றி ஒரு கோர்ட்டார் விசாரித்துத் தீர்ப்பே சொல்லியிருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுவது அவசியம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் நாரிஸ்டவுன் என்று ஒரு ஊர். அங்கே பிள்ளைகள் போதை மருந்து தின்னாமல் தடுக்க வேண்டும் என்று 1970-க்குப் பிறகு ஒரு திட்டம் போட்டார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுப்பது; எந்தப் பிள்ளை பின்னால் போதைக்குப் போகக்கூடும் என்று அதிலிருந்து கண்டுபிடிப்பது; அந்தப் பிள்ளைகளைத் தனியே பிரித்துத் திருத்துவது. இதுதான் திட்டம். கேள்விகள் என்ன? உன் தாய் தகப்பன் உன்னைக் கட்டி அணைத்து முத்தமிடுவார்களா, வீட்டில் உன்னை நேசிக்கிறார்களா என்ற மாதிரி. அது போதாதென்று, வகுப்பில் விசித்திரமாக நடந்துகொள்ளும் பிள்ளைகள் யார் யார் என்று மற்றப் பிள்ளைகளையே பெயர் சொல்லச் சொன்னார்கள்.

பெற்றோரை எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. ஆரம்பத்தில், ஆட்சேபனை உள்ளவர்கள் எழுதித் தெரிவிக்கலாம், பேசாமலிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளுவோம் என்றார்கள். மௌனம் சம்மதம் என்று கலியாணப் பெண்ணைத் தலைகுனிய வைத்துச் சொல்லுவார்களே, அதே நியாயம்! ஒரு தாயார் மாத்திரம் சும்மா இருக்கவில்லை. தன் மகனுக்காகக் கோர்ட்டுக்குப் போனார். பிறகு பள்ளிக்கூடத்தார் பெற்றோரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்குவதாக மாற்றிக்கொண்டார்கள். அப்போதும் அந்தக் கடிதத்தில் திட்டத்தின் நன்மைகள் மாத்திரம் இருந்தனவே தவிர, பிள்ளைக்கு வரக்கூடிய தீங்கு ஒன்றும் இல்லை. 1973-இல் நீதிபதி டேவிஸ் தீர்ப்புச் சொன்னார். மெரிக்கன் எதிர் கிரெஸ்மன் என்பது வழக்கின் பெயர். இந்தக் கடிதம் பெற்றோருக்கு விஷயத்தைத் தெரிவிக்கும் கடிதமல்ல, சரக்கு விற்கிறவன் அனுப்பும் கடிதம் போன்றது. தீங்கைச் சொல்லாமல் வாங்கிய சம்மதம் அறிந்து கொடுத்த சம்மதமாகாது என்று சொல்லித் திட்டத்தையே நிறுத்தினார். போதைக்குப் போகக்கூடியவன் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளையை மற்றவர்கள் அப்படியே நடத்தி, கடைசியில் அவன் அப்படியே ஆகிவிடவும் கூடும் என்பதையும், இரகசியம் என்று சொல்லி வாங்கிய விடைகளைக் கோர்ட்டு உத்தரவு காட்டிப் போலீஸார் கேட்டால் கொடுக்க வேண்டிவரும் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

இதற்குப் பிறகு அந்த தேசத்தில் சட்டங்கள் வந்தன. ஒரு பிள்ளைக்குக் குறைபாடு இருக்கிறதா என்று முதன்முதலில் பரிசோதிக்குமுன் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது 1975-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட முறை.

நம் தேசத்தில் என்ன இருக்கிறது? துண்டு துண்டாக இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளையைச் சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ பரீட்சை வைத்துத் தள்ளக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரையிலும், பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம், படிப்பதில் தனிக் கஷ்டமுள்ள பிள்ளைகளைச் சீக்கிரமாகக் கண்டுபிடிப்பது பள்ளிக்கூடத்தின் கடமை என்கிறது. ஆகவே "பரீட்சையே கூடாது" என்று நாம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு நமக்கு மிகவும் பிடித்தமானது. ஒருவனுடைய பணநிலை, சமூக நிலை, மதம் இவைகளை வைத்தோ, ஊராரின் ஒழுக்க வழக்கங்களுக்கு அவன் இணங்கவில்லை என்பதை வைத்தோ அவனுக்கு மனநோய் என்று சொல்லக் கூடாது என்று அதில் இருக்கிறது. சாமி கும்பிடமாட்டேன் என்று சொன்ன பிள்ளையை "அடங்காத சுபாவம்" என்று எழுதும் வாத்தியார்கள் இதைப் படிப்பது நல்லது. 2023-இல் வந்த தனிநபர் தகவல் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கையாளுமுன் பெற்றோர் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. ஆனால் 2025 நவம்பரில் வந்த விதிகள் இந்தப் பகுதி அமலுக்கு வரப் பதினெட்டு மாதத் தவணை கொடுத்ததோடு, பள்ளிக்கூடங்களுக்குச் சில விலக்குகளையும் கொடுத்துவிட்டன. முன்வாசலில் பூட்டுப் போட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த மாதிரி! பெற்றோரின் எழுத்து மூலமான, விஷயம் தெரிந்த சம்மதமின்றிப் பள்ளிக்கூடத்தில் மனோதத்துவப் பரீட்சை கூடாது என்று நேராகச் சொல்லும் ஒரு வரியை நாம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அது வருகிறவரையில் என்ன செய்வது என்று சொல்லுமுன், மோசடி ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பத்து விரல் ரேகையையும் யந்திரத்தில் பதித்து, பிள்ளைக்குக் கணக்கு வருமா, சங்கீதம் வருமா, டாக்டராவானா, வக்கீலாவானா என்று அச்சடித்த புஸ்தகம் போட்டுக் கொடுக்கிறோம் என்று சில கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கூடங்களுக்கு வருகிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். "டி.எம்.ஐ.டி." என்று நாலெழுத்துப் பெயர். கர்ப்பத்தில் விரல் ரேகையும் மூளையும் ஒரே காலத்தில் உண்டாகின்றனவாம். ஆகையால் ரேகையைப் பார்த்தால் மூளை தெரியுமாம்! ஒரே மாதத்தில் உண்டாவதால் ஒன்று மற்றொன்றைக் காட்டுமென்றால், காலின் நகத்தைப் பார்த்துக் கல்லீரலைச் சொல்லலாமே. பலவகைப் புத்தி என்ற கொள்கையை 1983-இல் வெளியிட்ட ஹோவர்ட் கார்ட்னர் என்ற அறிஞரின் பெயரை இவர்கள் இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவரோ இதற்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார். இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று அறிவித்திருக்கிறது. கடைத்தெருவில் மரத்தடியில் உட்கார்ந்து கைரேகை பார்க்கும் கிழவன் பத்து ரூபாய்க்குச் சொல்லும் பொய்யை, இவர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு பத்தாயிரத்துக்குச் சொல்லுகிறார்கள். நமக்கு இன்னொரு சந்தேகம். சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் இருபது வருஷம் கைவைத்த தோல் ஷாப்புத் தொழிலாளிக்கு ரேகையே தேய்ந்துபோய், ரேஷன் கடை யந்திரம் அவனை அவன் அல்ல என்கிறது. அவனுக்கு மூளையும் தேய்ந்துவிட்டதென்று இந்தக் கம்பெனிக்காரர்கள் சொல்லுவார்களா? இந்தப் பரீட்சைக்குச் சம்மதம் கேட்டு வந்தால், கேட்டதே போதும் என்று வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இதுவரையில் பள்ளிக்கூடத்தாரைச் சொன்னோம். இனி நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். கைதட்டுகிற தோழர்கள் சற்றுக் கையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

சம்மதம் கொடுக்கும் உரிமை பெற்றோருக்கு வேண்டும் என்றால், பிள்ளை பெற்றோரின் சொத்து என்று அர்த்தமல்ல. பரீட்சை வேண்டியிருக்கும் இடத்தில் வேண்டாம் என்கிற பெற்றோரும் நம்மில் இருக்கிறார்கள். ஏன்? "பைத்தியம் என்று ஊர் சொல்லும், அக்காளுக்குக் கலியாணம் ஆகாது" என்கிறார்கள். டாக்டரிடம் காட்டமாட்டார்களே தவிர, மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். கோயில், தர்கா, சர்ச்சு எல்லாம் இதில் ஒரே ஜாதி. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் என்ன நடந்தது? மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து, ஓட முடியாமல் 28 பேர் வெந்து செத்தார்கள். அவர்களில் எத்தனை பேரை அவர்கள் குடும்பத்தாரே கொண்டுபோய் விட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அங்கேயும் குடும்பத்தாரின் சம்மதம் இருந்தது, தோழர்களே! ஆகையால் வெறும் சம்மதத்தை நாம் கும்பிடவில்லை. தெரிந்து கொடுக்கும் சம்மதமும் வேண்டும். தெரிந்து செய்யும் மறுப்பும் வேண்டும்.

பிள்ளை எழுதத் தடுமாறுகிறது, வயதுக்குத் தக்கபடி பேசவில்லை, சாப்பிடாமல் மூலையில் உட்காருகிறது, சாகவேண்டும் என்கிறது என்றால் நாளைக் கடத்தாதீர்கள். பக்கத்தில் வேலூர் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. நம் ஜில்லா அரசு ஆஸ்பத்திரியிலும் விசாரிக்கலாம். 14416 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்து காசில்லாமல் யோசனை கேட்கலாம். படிப்பதில் தனிக் கஷ்டம் என்று முறைப்படி எழுதி வாங்கினால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் பெற வழி இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு இந்த உதவியை வேண்டாமென்கிற தகப்பன், பிள்ளையை ஃபெயிலாக்கும் வேலையைத் தானே செய்கிறான்.

இனிப் படிவம் வந்தால் என்ன கேட்பது? முதலில் தமிழில் கேளுங்கள். வீட்டில் உருது என்றால் உருதுவில் சொல்லும்படி கேளுங்கள். என் பிள்ளைக்கு ஏன் இது வேண்டுமென்று நினைக்கிறீர்கள், வகுப்புக்கே வைக்கிறீர்களா, இவனுக்கு மாத்திரமா என்று கேளுங்கள். செய்கிறவர் யார்? புத்தியை அளப்பதும் குறைபாட்டுக்குப் பெயர் வைப்பதும் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்த வாத்தியார் செய்யக்கூடிய காரியமல்ல. மருத்துவ மனோதத்துவ நிபுணர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு நம்பரைக் கேட்பதில் தப்பில்லை. முடிவை நமக்கு வாயால் விளக்கி, காகிதத்திலும் ஒரு பிரதி கொடுப்பார்களா? வேறு யார் பார்ப்பார்கள்? அடுத்த வருஷத்து வாத்தியார் பார்ப்பாரா? வேண்டாமென்றால் பிள்ளையை எப்படி நடத்துவீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். யோசிக்க ஒரு வாரம் கேளுங்கள். பிள்ளை கையில் சீட்டுக் கொடுத்து மறுநாள் காலையில் வேண்டும் என்பது சம்மதம் கேட்கும் லட்சணமல்ல.

பள்ளிக்கூடத்தாருக்கும் ஒரு வார்த்தை. பெற்றோரை ஆபீஸ் நேரத்தில் பதினொரு மணிக்கு வா என்றால், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வர ஷூ கம்பெனித் தாயாரால் முடியாது. வராதவரை "அக்கறையில்லாத பெற்றோர்" என்று குறிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு என்று சட்டப்படி இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்பதை எழுதும் தீர்மானப் புஸ்தகத்திலேயே, நம் பள்ளியில் எந்த மனோதத்துவப் பரீட்சையும் எழுத்து மூலமான சம்மதமின்றி வைக்கப்படாது என்று ஒரு தீர்மானம் எழுதலாம். அதற்கு யார் உத்தரவும் தேவையில்லை.

தலைவர் ஒரு சீட்டைக் கொடுக்கிறார். "பெற்றோரைக் கேட்க வேண்டும் என்கிறீர்கள். பரீட்சை எழுதப்போவது நாங்கள். எங்களை யார் கேட்பார்கள்?" என்று அதில் இருக்கிறது. எழுதியவர் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணாம். நல்ல கேள்வி. நாரிஸ்டவுனிலும் இதுதான் நடந்தது. பிள்ளைகளை ஒருவரும் கேட்கவில்லை. இஷ்டமில்லாத பிள்ளை வெறுந்தாளைக் கொடுக்க வேண்டும், அப்படிக் கொடுத்தவன் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்படுத்தி, 1992-இல் நம் தேசமும் ஒப்புக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது ஷரத்து, குழந்தையைப் பற்றிய காரியத்தில் அதன் அபிப்பிராயத்தை, வயதுக்கும் பக்குவத்துக்கும் தக்கபடி கேட்க வேண்டும் என்கிறது. ஆகவே அந்தப் பெண்ணுக்கு நம் பதில் இது: உன்னையும் கேட்க வேண்டும், உன்னிடம் கேட்கும்போது "எதற்காக?" என்று நீயும் கேள். வீட்டில் அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்பது போன்ற துன்பம் உனக்கு இருந்தால் பரீட்சைக்குக் காத்திராதே. பெற்றோரின் சம்மதத்துக்கும் காத்திராதே. 1098 என்ற நம்பர் அதற்காகவே இருக்கிறது.

நேரமாகிவிட்டது, ஆம்பூர் போகும் தோழர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். படிவம் ஏதாவது வந்தால், கையெழுத்துப் போடுமுன் வாசகசாலைக்குக் கொண்டுவாருங்கள். தமிழிலும் உருதுவிலும் படித்துச் சொல்ல ஆள் வைத்திருக்கிறோம். கம்பெனி விட்டு வருகிறவர்களுக்காக இரவு ஒன்பது மணிவரையில் கதவு திறந்திருக்கும்.